வத்தைக்கு ஒரு சுக்கான்: மரம் பார்த்ததும் இழைத்ததும்

படகின் பின்னால் மாட்டித் திருப்புகிற பலகைதான் சுக்கான். பழைய சுக்கான் கீழ் போல்ட் ஓட்டையில்தான் முறிந்தது. நேர்குறுக்காக முறியவில்லை. ஓட்டையில் தொடங்கி மேல்நோக்கிச் சாய்வாக வாயைப் பிளந்திருந்தது. முறிந்த முகத்தை நல்ல தண்ணீரில் கழுவிப் பார்த்தால் பாதி கறுப்பு, பாதி புதுமர நிறம். கறுத்த பாதி எப்போதோ விரிசல் விட்டு உப்புத்தண்ணி குடித்த பகுதி. இரும்பு போல்ட்டின் துரு அங்கே மை போல ஊறியிருந்தது. மிச்சம் இருந்த பாதி மரம்தான் இத்தனை காலம் வேலை பார்த்து, சோழகக் காற்று பலமாக அடித்த ஒரு நாளில் திருப்பும்போது போய்விட்டது.

வத்தை என்கிற இந்தப் பாய்மரப் படகு சித்தப்பாவுடையது. 18 அடி, பாய் மட்டும், இன்ஜின் கிடையாது. சாதாரண நாளில் கரையோர வலைக்கும், திருவிழா நாளில் எங்கள் தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் போட்டிக்கும் போகும். "அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுப்பா" என்றார். அதே மாதிரி அடிப்பதாக இருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

பழையது ஒரு அங்குலக் கனத்தில் தட்டையான வேப்பம்பலகை. பார்த்தவர்கள் எல்லாம் "வேம்புல போட்டா இப்படித்தான்" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேம்பு மட்டமான மரம் இல்லை. கசப்புக்குப் பூச்சி எளிதில் அண்டாது, பாரமும் தாங்கும். முறிந்த துண்டை அளந்து பார்த்தேன். முறிவு ஐந்து அங்குல நீளத்துக்குள் அந்த ஒரு அங்குலக் கனத்தையும் கடந்து மறுபக்கம் போயிருந்தது. நார் போன வழியிலேயே மரம் விட்டிருக்கிறது. வளைந்த கிளையிலிருந்து நேர்ப்பலகை அறுத்தால் இப்படித்தான் நார் பலகைக்குள் நீளமாக ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறும்.

இதற்குக் கணக்கு உண்டு. நார் பலகையின் நீளத்தோடு நேராக ஓடும்போது வளைவைத் தாங்கும் வலு 100 என்று வையுங்கள். 20 அங்குலத்துக்கு 1 அங்குலம் விலகினால் 93. 10-க்கு 1 என்றால் 81. 5-க்கு 1 என்றால் 55. ஆக பழைய பலகை கடலில் இறங்கிய முதல் நாளே கிட்டத்தட்டப் பாதி வலுவோடுதான் இறங்கியிருக்கிறது. அதிலும் பாரம் அதிகம் விழுகிற இடத்தில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் துருப்பிடிக்கிற இரும்பு.

சரி, சுக்கான் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? தண்ணீருக்குள் நிற்கிற பகுதி 250 மில்லிமீட்டர் அகலம், 750 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்தேன். மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் நன்றாகத் திருப்பிப் பிடித்தால் பக்கவாட்டில் சுமார் 65 கிலோ அழுத்தம் வருகிறது. 4 கடல்மைலில் 42 கிலோதான். வேகம் கொஞ்சம் ஏறினாலும் அழுத்தம் அதன் வர்க்கத்தில் ஏறும். இந்த 65 கிலோ, சுக்கானைப் படகின் வளையத்தில் மாட்டுகிற கீழ் முளையிலிருந்து ஒரு 40 சென்டிமீட்டர் தள்ளி நின்று பலகையை வளைக்கிறது. 30 மில்லிமீட்டர் கனத்தில் நல்ல தேக்காக இருந்தால் இதைப்போல் ஆறு மடங்கு வரை தாங்கும். அலை வந்து அறைவதற்கும் தரை தட்டுவதற்கும் அந்த உபரி வேண்டும். கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் இல்லை. நார் நேராக இருக்க வேண்டும், மரம் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் பெயர் அப்புறம்தான்.

இதைப் படகு கட்டுகிற ஊர் ஓடாவியிடம் சொன்னபோது சிரித்தார். "தேக்குன்னு சுண்ணாம்புல எழுதி வெச்சுட்டா தேக்காயிருமா தம்பி? பேரைக் கேக்காத, முனையைப் பாரு." அவருக்கு அப்போது என்னோடு மெனக்கெட நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிற அந்தச் சமயத்தில்தான் ஓடாவிகளுக்கு மூச்சுவிடாத வேலை. எதையும் அவரிடம் ஒரு டீக்குள் கேட்டு முடித்துவிட வேண்டும்.

மரங்களை வரிசையாக யோசித்தேன். இலுப்பை எங்கள் பக்கம் படகுக்கு மதிப்பான மரம், ஆனால் காய்ந்தும் தண்ணீரை நெருங்குகிற எடை. கையால் தூக்கி மாட்டுகிற சுக்கானுக்கு ஆகாது, நேரான துண்டும் இப்போது எங்கே கிடைக்கிறது. நாட்டுக் கருவேலத்தைப் படகின் விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதன் அழகே வளைவுதான், நாலடிக்கு நேர்நார் கேட்டால் கொடுக்காது. வாகையின் வைரம் நல்ல வலு, ஆனால் நார் பின்னிப் பின்னி ஓடும். இழைத்தால் ஒரு பக்கம் வழவழப்பு, அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொண்டு வரும். அதன் தூசிக்குத் தும்மலும் அடங்காது. புன்னையும் அப்படியே பின்னல் நார். பூவரசு பிடிக்கு அருமை. அகலப் பலகைக்கு மரம் பருக்காது. மலைவேம்பு இப்போது எங்கு பார்த்தாலும் நட்டு வைத்திருக்கிறார்கள், நேராகவும் வளர்கிறது, ஆனால் ஈரத்தில் நிற்காது. கேரளத்தில் வள்ளங்களுக்குப் போடுகிற ஆஞ்சிலி, நம் ஆட்கள் அயினி என்பது, உண்மையிலேயே நல்ல தேர்வு: எடை குறைவு, ஈரம் தாங்கும். தென்காசி, நாகர்கோவில் பக்கம் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கியிருப்பேன்.

ப்ளைவுட் போடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை தண்ணீரில் பிரியாது, பிளக்கவும் பிளக்காது. ஆனால் அதன் அடுக்குகளில் ஏறக்குறையப் பாதி குறுக்கே ஓடுகின்றன. நீளவாக்கில் வளைவைத் தாங்க அவை உதவாது. வடிவத்துக்காக இழைத்தால் நீள அடுக்கும் போய்விடும். தட்டைச் சுக்கானுக்கு ப்ளை சரி. எனக்கு வேண்டியது தட்டை இல்லை.

கடைசியில் தேக்குக்குத்தான் வந்தேன், ஆனால் டிப்போவில் புதுத் தேக்கு வாங்கவில்லை. நான் பார்த்தவை எல்லாம் இளமரம். அகல அகலமான வளையங்கள், ஓரத்தில் இரண்டு விரல் வைரம் பாயாத வெளிறு. வெளிறு தேக்கே என்றாலும் தண்ணீரில் உளுத்துப்போகும். காரைக்குடிக்கு வண்டி ஏறினேன். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வருகிற பழைய சாமான்கள் அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் குவிந்திருக்கும். தூணும் கதவும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. எனக்கு வேண்டிய உத்திரமும் சட்டமும் ஊருக்கு வெளியே இடிமானச் சாமான் போட்டிருக்கிற காலி மனைகளில் கிடக்கும். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு. கூரையில் பல பத்தாண்டு வெயில் வாங்கி முறுக வேண்டியது முறுகி, சுருங்க வேண்டியது சுருங்கி, இனி அசையாது என்கிற நிலைக்கு வந்த மரம்.

தேக்கின் நிஜமான பெருமை வலுவில் இல்லை. அதைவிட வலுவான மரம் நம்மூரிலேயே நாலு இருக்கிறது. அது அசையாது. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதம், வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம்தான் சுருங்குகிறது. நனைவதும் காய்வதுமாகவே பிழைக்கிற ஒரு பலகைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி இறக்கிய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்னும் மிதக்கிறது. கப்பலின் பெயர் திருகோணமலை!

நான் எடுத்தது ஐந்துக்கு நாலு அங்குலத்தில் ஏழடி உத்திரம். எடுப்பதற்கு முன் முனையை ஈரத்துணியால் துடைத்து வளையங்களைப் பார்த்தேன். நெருக்கமாக, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இணையாக ஓடின. நடுக்குருத்து துண்டுக்குள் இல்லை. குருத்து இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். நாலு பக்கமும் கணு இல்லை. கரையான் அரித்த தடம் ஏதும் இருக்கிறதா என்று சுவரில் புதைந்திருந்த முனையை ஆணியால் குத்திப் பார்த்தேன், ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அடுத்த சோதனைதான் முக்கியம், இதற்குக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். முனையில் ஒரு சாண் துண்டை அறுத்துத் தரச்சொல்லி, அந்தத் துண்டின் தலையில் அகல உளியை வைத்து கொட்டாப்புளியால் ஒரே போடு. பலகையின் முகத்தில் தெரிகிற கோடுகள் ஏமாற்றும். அவை வளையம் வெட்டுப்பட்ட கோடு, நார் போகிற வழி அல்ல. பிளந்தால் மரம் பொய் சொல்லாது. துண்டு 'டக்' என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியின் பிளந்த முகத்தில் மூலைமட்டத்தைச் சாய்த்துப் பிடித்தேன். ஒன்பது அங்குலத்துக்கு அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவான விலகல், அதாவது 20-க்கு 1-ஐத் தொடுகிறது. பிளந்த முகத்தில் தேன் நிறமும், தோலும் எண்ணெயும் கலந்தது போன்ற அந்த வாடையும். கடைக்காரர் "விறகுக்கா வாங்குறீங்க?" என்றார்.

அறுவை மில்லில் முதல் கேள்வியே "பழைய மரமா? ஆணி இருந்தா பிளேடு காசு உங்க கணக்கு." நியாயம்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி நாலு பக்கமும் தடவினேன். தலையில்லாத ஆணிகள் புதைந்திருந்த இடங்களில் நூல் சாய்ந்தது. தோண்டி எடுத்த பிறகுதான் மில்லுக்குள் மரம் போனது. நாலடி நீளத்தை வெட்டி ஆறு பட்டிகளாக அறுத்தார்கள். ஒவ்வொன்றும் 49-க்கு 36 மில்லிமீட்டர். மீதித் துண்டு சுக்கானின் தலைப்பகுதிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிற கன்னப்பலகைகளுக்கு.

ஒரே அகலப்பலகையாகப் போடாமல் ஏன் பட்டி? பட்டிகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்று ஒருபக்கம் வளைய நினைக்கும்போது பக்கத்துப் பட்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த 20-க்கு 1 விலகலும் ஒரே திசையில் சேராது. அறுத்த பட்டிகளை நிழலில் ரீப்பர் வைத்து அடுக்கி, ஒரு பட்டியை மட்டும் மளிகைத் தராசில் அவ்வப்போது நிறுத்துவந்தேன். எடை மாறாமல் நின்றதும் ஒட்டலாம் என்று முடிவு. பழைய மரம் என்பதால் கொஞ்சம்தான் மாறியது; எந்த மரத்தையும் காரைக்குடியில் காய்ந்த கணக்கில் நம்பாதீர்கள், கடற்கரைக் காற்று அதை மறுபடி ஈரமாக்கும்.

ஒட்டுவதற்கு எபாக்ஸி. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அப்படியே ஒட்டினால் பிடிக்காது. ஒட்டும் முகங்களை 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் கீறிவிட்டு, அசிட்டோன் நனைத்த வெள்ளைத்துணியால் துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை. உடனே ஒட்ட வேண்டும், விட்டால் எண்ணெய் மறுபடி கசிந்து மேலே வரும். இன்னொன்று நம் ஊர் வெயில். கலந்த எபாக்ஸியைக் கிண்ணத்தில் குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகிவிடும். தட்டையான தட்டில் பரப்பி, விடிகாலையில் வேலையை முடித்துவிடுவது உத்தமம். முதலில் ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய பூச்சு. கிளாம்ப்பை முழுபலத்தோடு முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி மூட்டு பட்டினி கிடக்கும். ஓரமெல்லாம் முத்து முத்தாகப் பசை எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

முன் விளிம்புக்குக் கருவேலப் பட்டி வைக்கச் சொன்னார் ஓடாவி, கல்லில் மோதினாலும் தாங்கும் என்று. மோதலுக்குச் சரி. ஆனால் இரண்டு மரமும் ஒரே அளவில் சுருங்காது, ஒட்டு விட்டுப்போகிற முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். முழுக்கத் தேக்கே வைத்து, முன் விளிம்பில் கண்ணாடி இழைப் பட்டையைச் சுற்றிவிட்டேன். அவருக்கு இதில் இன்னும் திருப்தி இல்லை.

இனி வடிவம். தட்டைப்பலகை தண்ணீரைத் தள்ளும். மீன் உடம்பு வடிவம் தண்ணீரை வழுக்கிச் செல்லவிட்டு ஒரு பக்கமாக இழுக்கும். நாகா 0012 என்று விமானத்துறையில் பெயர்பெற்ற வெட்டுமுகத்தையே எடுத்துக்கொண்டேன். அகலத்தில் 12 சதவீதம் கனம், அதிகக் கனம் முன் விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில். என் 250 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கக் கனம் இப்படி: முன் விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டரில் 6.5, 25-இல் 11.7, 75-இல் 15, 125-இல் 13.2, 175-இல் 9.2, 225-இல் 3.6. இதை நாகத்தகட்டில் வரைந்து வெட்டி அச்சு செய்தேன். தகடு ஓரம் பிசிறில்லாமல் அரம் போட்டிருக்க வேண்டும்.

பலகையை 32 மில்லிமீட்டருக்குச் சமமாக இழைத்து, நாலு விளிம்பிலும் நடுக்கோடு கீறினேன். அந்தக் கோடு கடைசிவரை அழியக்கூடாது. பிறகு நீளவாக்கில் மேற்சொன்ன இடங்களில் கோடு போட்டு, ஒரு பக்கத்து 16 மில்லிமீட்டரில் அந்தந்தக் கனம் போக மிச்ச ஆழத்துக்கு ரம்பத்தால் கீறல் இட்டேன். ரம்பப் பலகையில் ஒரு ரீப்பரை கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதற்குமேல் ரம்பம் இறங்காது. கீறலின் அடி மறையும் வரை இழைப்புளி. முதலில் முகம் பட்டை பட்டையாக, பலாச்சுளை நறுக்கினது போல இருக்கும். பட்டைகளின் முனைகளைக் குறுக்குச்சாய்வாக இழைத்து மழுக்க வேண்டும். நார் நேராக இருந்ததன் பலன் இங்கே கைக்குத் தெரிந்தது. இழைப்புளியிலிருந்து சுருள் நாலடிக்கும் அறாமல் வந்தது, எங்கும் பிய்யவில்லை. கடைசியில் ஒரு முழ நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி அதனால் தேய்த்தேன். கையால் நேரடியாகத் தேய்த்தால் பள்ளம் விழும். அச்சுத் தகட்டை வைத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே இன்னும் ஆகவில்லை. பின் விளிம்பைக் கத்தி மாதிரி ஆக்க ஆசை வரும், வேண்டாம். 3 மில்லிமீட்டர் கனத்தில் சதுரமாக விட்டேன். கூராக்கினால் முதல் வாரமே உடைந்து பல்லிளிக்கும்.

போல்ட் ஓட்டைகளில்தான் பழையது செத்தது என்பதால் அங்கே கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெட்டேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டரில் ஓட்டை போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் 8-இல் மறுபடி துளை. இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. ஈரம் போனாலும் எபாக்ஸிக் குழாய்க்குள்ளேயே நிற்கும். உலோகம் 316 ரக எவர்சில்வர். 304 விலை குறைவு, ஆனால் கடல்நீரில் டீக்கறை மாதிரி துரு வழியும். காற்று படாமல் ஈரத்தில் புதைந்து கிடந்தால் 316-ம் அரிக்கும், அதற்கும் சேர்த்துத்தான் இந்த அடைப்பு.

படகில் இரண்டு வளையம், சுக்கானில் இரண்டு முளை. கீழ் முளையை மேல் முளையைவிட 20 மில்லிமீட்டர் நீளமாக வைத்தேன். அலையில் ஆடிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் வளையத்தில் இறக்க யாராலும் முடியாது; கீழது முதலில் இறங்கிப் பிடித்துக்கொண்டால் மேலது தானே வரும். இரண்டு வளையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேரான கம்பியை இரண்டுக்குள்ளும் விட்டு, அது தாராளமாகச் சுற்றிய பிறகே போல்ட்டை இறுக்கினேன். வளையத்துக்குள் நைலான் புஷ் போட வேண்டாம், நைலான் தண்ணீர் குடித்து உப்பி முளையை இறுக்கிவிடும். டெல்ரின் என்கிற பிளாஸ்டிக் அவ்வளவாக உப்பாது.

சுக்கான் மேலே எழும்பாமல் இருக்கப் பூட்டு வைப்பது வழக்கம். நான் வைக்கவில்லை. எங்கள் பக்கம் ஆழம் குறைவு, கரை வரும்போது தரை தட்டாமல் இருக்காது. பூட்டு இருந்தால் அடி முழுவதும் பலகைக்கு. இல்லையென்றால் சுக்கான் எழும்பி வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருக்கிறேன், தேக்கு மிதக்கவும் செய்யும். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

பூச்சில் ஓடாவியோடு இரண்டாவது தகராறு. எண்ணெய் காட்டினால் போதும் என்பது அவர் கட்சி. தனித்த ஒரே பலகைக்கு அது போதும். ஒட்டுப்போட்ட பலகைக்கு எல்லாப் பக்கமும் சம அளவில் அடைபட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் ஒட்டுகள் இழுபடும். மூன்று கை எபாக்ஸி, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட். வெயிலில் எபாக்ஸி நொறுங்கும் என்பதால் பெயின்ட் கட்டாயம், கறுப்படித்தால் மணலில் கிடக்கும்போது சூடேறும் என்பதால் வெள்ளை. இவ்வளவு நல்ல தேக்கை மறைத்துவிட்டாயே என்று வீட்டில் எல்லோரும் திட்டினார்கள்.

திருப்புகிற கழி பூவரசில். பழைய கழி கைக்குப் பழகிய வளைவில் இருந்ததால் அதே வளைவில் வளர்ந்த கிளையைத் தேடி வெட்டினேன். அங்கே நேர்நார் தேவையில்லை, வளைவோடு போகிற நார்தான் வேண்டும்.

கடலில் சித்தப்பா முதலில் சொன்ன குறை, "பிடிச்ச மாதிரியே இல்லப்பா." பழையதில் திருப்பினால் கையில் கனம் தெரியும், அதை வைத்துத்தான் அவர் காற்றை எடைபோடுவார். புதியது கொஞ்சம் சாய்த்தாலே படகைத் திருப்பிவிடுகிறது. பழைய பழக்கத்தில் முழுக்கத் தள்ளியபோது பிடியே விட்டுப்போய் சுக்கான் வெறும் பிரேக்காக நின்றது. 15 பாகைக்குமேல் சாய்த்தால் இந்த வடிவமும் தண்ணீரை இழந்துவிடும் என்பதை அவர் தன் கையாலேயே கண்டுபிடித்துக்கொண்டார். கழியின் நீளத்தை ஒரு சாண் குறைத்ததும் சமாதானம் ஆனது.

இப்போது பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். கரையேற்றும்போதெல்லாம் கீழ் முளையின் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே போல்ட்டைக் கழற்றி, காயவிட்டு, மறுபடி அடைக்க வேண்டும்.